குடிதண்ணீர் கெட்டது தலைவிதியாலா?

கடலூர் ஜில்லாவில் நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் தண்ணீரைப் பற்றிய பேச்சு இரண்டு பாதியாக நடந்து வருகின்றது. கிணற்றுத் தண்ணீர் முன்போல் இல்லை, தோலில் அரிப்பு வருகின்றது, சிறுநீரகம் கெடுகின்றது என்பது ஒரு பாதி. “என்ன செய்வது, நம் தலையெழுத்து, யார் செய்த பாவமோ!” என்பது மற்றொரு பாதி. முதல் பாதி எவ்வளவு உண்மை என்பதைப் பரிசோதனைச் சாலை சொல்லும். இரண்டாவது பாதி சுத்தப் பொய் என்பதை எந்தப் பரிசோதனையும் இல்லாமல் நாமே சொல்லிவிடலாம்.

தலையெழுத்து தண்ணீரில் கரையக்கூடிய வஸ்து அல்ல. பாதரசமும் ஆர்சனிக்கும் செலினியமும் தண்ணீரோடு கலக்கக் கூடியவை. பழுப்பு நிலக்கரியில் இவை இயற்கையாகவே இம்மியளவில் இருக்கின்றன. கோடிக்கணக்கான டன் கரியை எரித்தால் அந்த இம்மி இம்மியாகவே நிற்குமா? அது புகையிலும் சாம்பலிலும் சேருகின்றது. சாம்பலை மழை கழுவுகின்றது. கழுவின நீர் வாய்க்காலுக்கும் நிலத்தடிக்கும் போகின்றது. இவ்விஷத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறமில்லை, நாக்குக்குத் தெரியும் ருசியில்லை. காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. வேப்பிலை கட்டினாலும் கூழ் ஊற்றினாலும் சாகாது.

2023 ஆகஸ்டு மாதத்தில் பூவுலகின் நண்பர்கள் என்னும் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரா என்னும் அமைப்பும் சேர்ந்து, என்.எல்.சி. சுரங்கங்களையும் அனல் மின் நிலையங்களையும் சுற்றியுள்ள ஊர்களின் மண்ணையும் நீரையும் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டன. வடக்குவெள்ளூர் நீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 115 மடங்கு இருந்ததாக அவ்வறிக்கை கூறிற்று. குடிநீரில் பாதரசம் ஒரு லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அறிக்கை பத்திரிகைகளில் வந்ததும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, யாரும் வழக்குப் போடாமலே இதைத் தானாக எடுத்துக் கொண்டது. எதனால் எடுத்துக் கொண்டது? யாரோ மந்திரிக்கு மாலை போட்டதாலா? ஏதோ அம்மனுக்குப் பொங்கல் வைத்ததாலா? இல்லை. ஓர் எண் காகிதத்தில் ஏறியதால்!

நிற்க, வளையமாதேவியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பரவனாற்றை நிரந்தரமாகத் திருப்பிவிடும் வாய்க்காலுக்காக 2023 ஜூலை 26-ந் தேதியன்று அவ்வூரில் நின்ற நெற்பயிரின் மேல் மண்வாரி இயந்திரங்களை ஏற்றினார்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது என்பது கம்பெனியின் வாதம். விஷயம் சென்னை ஐக்கோர்ட்டுக்குப் போயிற்று. பாழான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாயிற்று. நல்லதுதான். ஆனால் கோர்ட்டு ரூபாய் கொடுக்கச் சொல்லலாமே தவிர, நசுங்கிய பயிரை எழுந்து நிற்கச் சொல்ல முடியுமா? பயிருக்கே இக்கதியானால் கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு என்ன கதி? இயந்திரம் வயலில் இறங்கிய பிறகு கோர்ட்டுக்கு ஓடுவதற்கும், தண்ணீர் உடம்பில் இறங்கிய பிறகு ஓடுவதற்கும் வித்தியாசமில்லை. ஆகையால் சட்டத்தை முன்னதாகவே தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும் என்பதே நாம் இதை எழுதக் காரணம்.

சட்டம் என்ன சொல்லுகின்றது?

முதலாவதாக, சாட்சியம். “தண்ணீரைச் சோதிக்கவும்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் உப்பையும் கடினத்தையும் பார்த்துவிட்டு “சரி” என்று அனுப்பிவிடுவார்கள். பாதரசம், ஆர்சனிக், செலினியம், ஈயம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எந்தக் கிணறு, எந்தத் தேதி, யார் எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். 1974-ம் வருஷத்திய தண்ணீர் மாசு தடுப்புச் சட்டப்படி, ஆலையின் கழிவு நீரை மாசு கட்டுப்பாட்டு வாரியம் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, இரண்டு பாகமாக்கி முத்திரையிட்டு எடுத்தால்தான் தண்டனை வழக்கில் அது சாட்சியமாகும். நாம் குப்பியில் பிடித்த தண்ணீர் வாரியத்தை எழுப்புவதற்கு. வாரியம் பிடித்த தண்ணீர் குற்றவாளியை நிறுத்துவதற்கு. வாரியம் முன்பு எடுத்த கணக்குகளைத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிரைப் பற்றிய விஷயமானால் 48 மணி நேரத்தில் தர வேண்டும்.

இரண்டாவதாக, இன்றைக்குக் குடிக்கத் தண்ணீர். வழக்கு முடியும்வரை யாரும் தாகத்தோடு உட்கார்ந்திருக்க முடியாது. உயிர் வாழும் உரிமையில் கெடாத தண்ணீரும் காற்றும் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கின்றது. அதுவும் நிலக்கரி கழுவிய சேறு பொகாரோ ஆற்றில் கலந்ததாகப் போடப்பட்ட வழக்கே. ஆனால் வழக்குப் போட்டவர் சொந்த லாபத்துக்காகப் போட்டார் என்று அவருடைய மனு தள்ளப்பட்டது. இது நமக்கு ஒரு பாடம்: கம்பெனியோடு வியாபாரத் தகராறு உள்ளவனை முன்னால் நிறுத்தலாகாது, தண்ணீர் குடிப்பவர்களே நிற்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 226-வது விதிப்படி ஐக்கோர்ட்டில் ரிட் மனுப் போட்டு, சர்க்கார் உடனே நல்ல தண்ணீர் கொடுக்கும்படி உத்தரவு கேட்கலாம். “சர்க்கார் கம்பெனி மேலேயே வழக்கா?” என்று சிலர் பயப்படுகின்றார்கள். சர்க்கார் கம்பெனி என்பதாலேயே ரிட் மனு அதன்மேல் நேராகப் பாயும் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

மூன்றாவதாக, ஊருக்குப் பொதுவான தொல்லையை நீக்கும்படி உத்தரவிட உள்ளூர் நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கின்றது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 152-வது பிரிவாக இருக்கின்றது. பணமில்லை என்று சாக்குச் சொன்ன ரத்லாம் நகரசபையைச் சாக்கடை கட்டச் செய்தது இந்தப் பிரிவுதான். 1980-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் அதை ஊர்ஜிதம் செய்தார்.

நான்காவதாக, தண்டனை. வாரியம் தூங்கினால் தனி மனிதனே 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கோர்ட்டில் புகார் செய்யலாம். 1974-ம் வருஷச் சட்டத்தின் 49-வது பிரிவும், 1986-ம் வருஷச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 19-வது பிரிவும் இதற்கு இடம் தருகின்றன. 49-வது பிரிவுப்படி புகார் செய்தவன் கேட்டால் வாரியம் தன் கைவசமுள்ள அறிக்கைகளைக் கொடுத்தாக வேண்டும். பொதுநலனுக்கு விரோதம் என்று தோன்றினால்தான் மறுக்கலாம்.

ஐந்தாவதாக, பசுமைத் தீர்ப்பாயம். 2010-ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட இதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கின்றது. கெடுதியை நிறுத்தச் சொல்லும் மனுவைக் காரணம் ஏற்பட்ட 6 மாதத்துக்குள் போட வேண்டும். நஷ்டஈடும், கெட்ட இடத்தைச் சீர்செய்வதும் கேட்பதானால் 5 வருஷத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் இரண்டுக்கும் இன்னும் 60 நாள் கிடைக்கும். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கேட்டால் தொகையில் நூற்றுக்கு ஒன்று. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே கிடையாது. கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும் என்பது இச்சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும் கொள்கை. விபத்தினால் நேர்ந்த கேடானால் “என்மேல் தப்பில்லை” என்று சொல்லியும் தப்ப முடியாது.

“வக்கீலுக்குப் பணம் எங்கே?” என்பவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 1987-ம் வருஷச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. குடத்தைச் சுமப்பவர்கள் பெண்கள். வழக்கில் முதல் பெயரும் அவர்கள் பெயராகவே இருக்கட்டுமே! வாய்க்கு ருசியாகச் சமைக்க மாத்திரமா பெண்கள்? வழக்காடவும் அவர்களுக்குத் தெரியும்.

இவையெல்லாம் காகிதத்தில்தானே?

அப்படிச் சொல்லுகிறவர்கள் இருக்கின்றார்கள். வேலூர் தோல் ஷாப்புகளின் கதையைப் பார்ப்போம். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு பற்றி 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போடப்பட்டது. திண்டுக்கல் பக்கத்து 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கும் அதில் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. அதன்படி ஏற்பட்ட அதிகார சபை 2001-ல் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்ச ரூபாய் கொடுக்கும்படி விதித்தது. ராஜஸ்தானத்தில் பிச்ரி என்ற கிராமத்தின் கிணறுகளைச் சாயத்துக்கான அமிலம் செய்த ஆலைகள் கெடுத்தன. 1989-ல் போட்ட அவ்வழக்கும் 1996-ல் ஜெயித்தது. ஆகவே சட்டம் வெறும் காகிதமல்ல.

ஆனால் முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பிச்ரி முதலாளிகள் மனுவுக்கு மேல் மனுப் போட்டு இழுத்தடித்து, 2011-ல்தான் 37 கோடி சொச்சத்தையும் அதற்கு வட்டியையும் கட்டியாக வேண்டும் என்று முடிவாயிற்று. வேலூர் விஷயத்திலோ, பாக்கி நஷ்டஈட்டை 6 வாரத்துக்குள் கொடு என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜனவரி 30-ந் தேதியன்று மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது! ஜெயித்து 28 வருஷம்! ஆகையால் தீர்ப்பு வந்ததும் மேளம் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற ஊர் ஏமாறும். தீர்ப்பை நிறைவேற்றும் வரையில் விடாமல் உட்கார்ந்திருக்கும் ஊர்தான் தண்ணீர் குடிக்கும்.

மற்றொரு ஜாக்கிரதையும் வேண்டும். ஜப்பான் தேசத்தில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் சிஸ்ஸோ கம்பெனி பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்றவர்கள் கைகால் நடுங்கிச் செத்தார்கள். 1956-ல் நோய் வெளிப்பட்டபோது ஜனங்கள் அதைத் தொற்று நோய் என்று பயந்து, நோயாளிகளையே ஒதுக்கி வைத்தார்கள். 1959-ல் கம்பெனி “அனுதாபப் பணம்” என்று சொற்பத் தொகை கொடுத்து, இனி எதுவும் கேட்பதில்லை என்று ஏழைகளிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டது. 1973-ல் கோர்ட்டு அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது. அக்கையெழுத்தைச் செல்லாததாக்க 14 வருஷம் ஆயிற்று. நம் ஊரில் தர்மத் தண்ணீர் லாரியும் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடையும் வரும்போது, கூடவே ஒரு காகிதம் வந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடலாகாது. கொடுப்பவர் தர்மப் பிரபு அல்ல; கடன்காரர்.

“கம்பெனி வேலை கொடுக்கின்றதே, விளக்கு எரிகின்றதே, அதைக் கெடுக்கலாமா?” என்று கேட்பவர்களும் உண்டு. விளக்கை அணைக்கும்படி நாம் சொல்லவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை குடிக்கும் தண்ணீர் நஞ்சாக இருக்கலாகாது என்றுதான் சொல்லுகிறோம். கழிவைச் சுத்தம் செய்யும் செலவைக் கம்பெனி ஏற்காவிட்டால் அச்செலவை யார் ஏற்கின்றார்கள்? வடக்குவெள்ளூர்க்காரனும் வளையமாதேவிக்காரனும் ஆஸ்பத்திரியில் ஏற்கின்றார்கள். இதற்குப் பெயர் தேச முன்னேற்றமா?

கடைசியாக ஒன்று. ஊர்த் தெருவென்றும் காலனியென்றும் கிணற்றைப் பிரித்துக் கட்டினார்கள். நிலத்தடி நீர் இந்தப் பிரிவைக் கேட்கவில்லை. விஷமும் தீண்டாமை பார்ப்பதில்லை. மனுப் போடும்போதாவது இரு தெருவும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் லாபம் யாருக்கு? கிராம சபை கூடும் நாளில் தண்ணீர்க் கணக்கைப் படித்து, சோதனை கேட்டும் நல்ல தண்ணீர் கேட்டும் தீர்மானம் எழுதி, நகலை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். அதுதான் வழக்கின் முதல் ஏடு.

தோழர்களே! கும்பிட்டுக் கேட்பவனுக்குப் பிச்சை கிடைக்கலாம். சட்டத்தைக் காட்டிக் கேட்பவனுக்கே உரிமை கிடைக்கும். 6 மாதம் என்ற கெடு யாருக்காகவும் நிற்காது. தலைவிதியைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கிணற்றுத் தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து, தேதி எழுதுங்கள்.