சாமி காத்திருப்பார், கூண்டில் இருக்கும் உயிர் காத்திருக்காது



சித்ரா பௌர்ணமி அன்னதானம் நல்லபடியாக நடந்ததாக நிறைய பேர் வாட்ஸ்அப்பில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ரொம்ப நன்றி. ஆனால் அன்றைக்கு நாங்கள் செய்த ஒரு தவறை மறைத்துவிட்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எங்களுக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படிங்க.

எங்கள் அன்னதானப் பிரிவில் ஒரு தங்கச்சி இருக்கிறார். நாலு வருஷமாக வருகிறார், ஒரு திருவிழாவுக்கும் வராமல் இருந்ததில்லை. அவர் வீட்டில் 'லட்டு' என்று ஒரு சின்சில்லா வளர்கிறது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறோம்: அணில் இனத்துக்குத் தூரத்துச் சொந்தம், முயல் மாதிரி பெரிய காது, பஞ்சு மாதிரி சாம்பல் முடி. கையில் எடுத்தால் அரைக் கிலோதான் இருக்கும். வாங்கியது இல்லை. அண்ணன் மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும்போது இவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனது.

இந்தப் பிராணியின் சொந்த ஊர் தென்னமெரிக்காவில் உள்ள ஆண்டிஸ் மலை. அங்கே குளிரும் வறண்ட காற்றும். அதற்கு ஏற்ற மாதிரி ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பது அறுபது முடி முளைக்கிறது. வியர்வையும் வராது. காது வழியாகத்தான் உடம்புச் சூடு ஓரளவுக்கு வெளியேறும். 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து தொடங்கிவிடும். நம் நாட்டில் 35 டிகிரி தொடர்ந்து மூன்று நாள் அடித்தால்தான் வானிலைத் துறை முதல் கட்ட வெப்ப எச்சரிக்கை கொடுக்கும். நாம் "இன்னிக்குப் பரவாயில்லையே" என்று சொல்லும் நாளிலேயே அந்த உயிர் செத்துப்போகலாம். அதனால் அந்தத் தங்கச்சி வீட்டில் ஓர் அறையில் இரவும் பகலும் ஏர்கோன் ஓடும். மின்சார பில்லுக்காகவே வெளியே சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டவர் அவர்.

அன்றைக்கு மத்தியானம் 12 மணிக்கு அவர் எங்களிடம் வந்தார். "அண்ணே, ஒரு தடவ வீட்டுக்குப் போய் லட்டுவைப் பார்த்துட்டு வந்துடுறேன். அரை மணி நேரம்தான்."

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பந்தி ஓடிட்டு இருக்கும்மா. எலிக்காகவா சாமி காரியத்தை விட்டுட்டுப் போறே? அதெல்லாம் சாமி பார்த்துக்குவார்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தோம். பிள்ளையார் வாகனத்துக்குச் சொந்தக்காரன் என்று ஒருத்தர் கிண்டல் வேறு. அவரும் மறுபேச்சு பேசாமல் போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தார்.

மூன்றேகால் மணிக்குத்தான் வீட்டுக்குப் போனார். மின்சாரம் டிரிப் ஆகிக் கிடந்தது. சன்னல் மூடியிருந்த அறை அடுப்பு மாதிரி இருந்தது. லட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தது. காது இரண்டும் செக்கச் சிவந்திருந்தது. வாயில் எச்சில் வழிய, வயிறு ஏறி ஏறி இறங்கியது. பேர் சொல்லிக் கூப்பிட்டும் தலையைத் தூக்கவில்லை.

போன் வந்ததும் எங்களில் இரண்டு பேர் காரை எடுத்துக்கொண்டு ஓடினோம். கிளினிக்கில் இருந்த மிருக மருத்துவர் போனிலேயே வழி சொன்னார். சூடான அறையிலிருந்து உடனே வெளியே கொண்டு வரணும். சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துக் காதிலும் பாதத்திலும் ஒற்றணும். ஐஸ் வைக்கக் கூடாது, ஐஸ் தண்ணீரில் முக்கவும் கூடாது; ரத்தக் குழாய் சுருங்கி உள்ளே இருக்கும் சூடு வெளியேறாமல் போய்விடும். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். காரில் ஏர்கோனை முன்கூட்டியே போட்டுவிட்டு ஏற்றிக்கொண்டு வாங்க.

கிளினிக்கில் தோலுக்கு அடியில் ஊசி வழியாக நீர் ஏற்றினார்கள். அன்றிரவு தேறியது. ஆனால் மருத்துவர் எங்களைப் பார்த்து, "இத்தோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க" என்றார். வெப்பத் தாக்கத்துக்குப் பிறகு அடுத்த சில நாளில் சிறுநீரகம் கெடலாம். சாப்பிடாமல் இருந்தால் குடல் அப்படியே நின்றுவிடும். குடல் நின்றால் இந்த மாதிரிப் பிராணி பிழைப்பது கஷ்டம்.

அடுத்த எட்டு நாள் நாங்கள் முறை போட்டுக்கொண்டு போனோம். குற்ற உணர்ச்சிதான் காரணம், வேறொன்றுமில்லை. தாவரம் தின்னும் பிராணிகளுக்கான மாவைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும். அவசரப்படக் கூடாது. தினமும் சமையலறைத் தராசில் எடை போடணும். புழுக்கையை எண்ணணும். ஆமாம், எண்ணினோம்! நூறு பேருக்குச் சோறு வடிக்கும் ஒரு மாமா, விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் செய்து, "இன்னிக்குப் பத்தொன்பது போட்டிருக்கு, நேத்தைவிட பெருசா இருக்கு" என்று சொன்னபோது எங்களுக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலாம் நாள் காய்ந்த திமோத்திப் புல்லைத் தானாகவே கடித்தது. ஏழாம் நாள் மணல் கிண்ணத்தை வைத்ததும் உள்ளே குதித்துப் புரண்டது. சின்சில்லாவுக்குக் குளியல் என்றால் மெல்லிய மணல்தூளில் புரள்வதுதான். தங்கச்சி அப்போதுதான் அழுதார். அதுவரைக்கும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது எங்கள் கருத்துக்கு வருகிறோம்.

"இந்த வெயிலில் இந்த மாதிரிப் பிராணியை வளர்ப்பதே தப்பு" என்று சிலர் சொன்னீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்காதீங்க. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருஷம் வாழக்கூடியது. அத்தனை வருஷமும் ஏர்கோன் ஓட்ட முடியாது என்றால் வேண்டாம். காற்றாடி போதும் என்று நினைப்பதும் தப்பு. வியர்வை இல்லாத உடம்பைக் காற்றாடி குளிர வைக்காது.

ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்ட உயிர், அந்த வீட்டு ஆள். காக்கா நிழல் தேடிப் பறந்துபோகும். தெருநாய் கால்வாயில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூண்டில் இருப்பதற்கு நம்மைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. அதைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னவரைத்தான் நாங்கள் சாமி பெயரைச் சொல்லித் தடுத்தோம்.

கோயில் தொண்டில் இந்தப் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டை விட்டுவிட்டு வந்தவரைத்தான் மேடையில் பாராட்டுவோம். "புள்ளைக்குக் காய்ச்சல், இருந்தாலும் வந்துட்டார்" என்று பெருமையாகச் சொல்வோம். சீக்கிரம் போகிறவரை ஒரு மாதிரியாகப் பார்ப்போம். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைத் தனியாக விட்டுவிட்டு வந்து வடை சுட்டவர்கள் நம்மில் இல்லையா? வள்ளலார் பெயரைச் சொல்லித்தான் ஜீவகாருண்யம் பேசுகிறோம். பசித்தவருக்குச் சோறு போடும் அதே நேரத்தில், நம்மை நம்பி வீட்டில் இருக்கும் ஓர் உயிர் தவிக்கிறது என்றால் அந்தச் சோற்றில் புண்ணியம் எவ்வளவு மிஞ்சும்?

ஆகவே எங்கள் பிரிவில் இனிமேல் இப்படிச் செய்வதாக முடிவெடுத்திருக்கிறோம். பெயர் பதியும்போதே, "வீட்டில் உங்களை நம்பி யார் இருக்காங்க?" என்று கேட்போம். வயதானவர், நோயாளி, குழந்தை, வளர்ப்புப் பிராணி, யாராக இருந்தாலும் சரி. அவர்களுக்கு இரண்டு மணி நேர முறைதான். "போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றால் காரணம் கேட்க மாட்டோம். பந்தி பத்து நிமிஷம் தாமதமானால் பக்தர்களாகிய நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கணும். அதற்கு ஆள் குறையும், தெரியும். குறையும் இடத்துக்கு நீங்கள் வாங்க.

இன்னொரு வேண்டுகோள். நாய், பூனையைக் காரில் வைத்துவிட்டு "ஒரு அர்ச்சனைதான், வந்துடுறேன்" என்று உள்ளே வராதீங்க. வெயிலில் நிற்கும் காரில் அந்தப் பத்து நிமிஷமே போதும்.

லட்டு இப்போது நன்றாக இருக்கிறது. எடை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. தங்கச்சி போன வெள்ளிக்கிழமை மறுபடியும் பாத்திரம் கழுவ வந்தார். 12 மணிக்கு நாங்களே அவரிடம் போய், "கிளம்பும்மா, லட்டு காத்திட்டு இருக்கும்" என்றோம்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதியிருக்கிறோம். அம்மா, எங்களை மன்னிச்சிடு.

ஓம் சரவணபவ.

– அன்னதானப் பிரிவுத் தொண்டூழியர்கள்