பொம்மை அச்சை யார் செய்தது?

"கிளாஸ் என்பது வீட்டு வரைபடம், ஆப்ஜெக்ட் என்பது வீடு." நம்ம வகுப்பில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லுவாங்க. ரெண்டு மார்க் நிச்சயம். ஆனா பைத்தான் பக்கம் போனதும் இந்த உதாரணம் காலை வாரிவிடும் என்பது என் கட்சி.

இதைவிட நல்ல உதாரணம் நம்ம ஏரியாவிலேயே இருக்கு. சாந்தோமிலிருந்து கச்சேரி ரோடு வழியா நடந்தா மயிலாப்பூர். நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகள் குவிஞ்சிருக்கும். ஒரே அச்சில் வந்த பத்துப் பிள்ளையார் வரிசையா உட்கார்ந்திருப்பார். அச்சு கிளாஸ், பிள்ளையார் ஆப்ஜெக்ட். அச்சும் ஒரு பொருள்தான் என்பதைக் கவனிங்க. கையில் எடுக்கலாம், இன்னொருத்தரிடம் கொடுக்கலாம். அதையும் யாரோ செய்திருக்கணும்.

பைத்தானில் அந்த 'யாரோ'வின் பெயர் 'டைப்'. நீங்க ஒரு கிளாஸ் எழுதினா, அதன் பெயர், தாய் கிளாஸ்கள், உள்ளே இருக்கிற சமாசாரம் எல்லாத்தையும் டைப்பிடம் கொடுத்துத்தான் பைத்தான் அந்தக் கிளாஸைச் செய்து வாங்குது. மெட்டாகிளாஸ் என்று பயமுறுத்துவது இதைத்தான். சரி, டைப்பை யார் செய்தது? டைப்பின் டைப்பும் டைப்தான். (சுயம்பு!)

உதாரணம் ஒரு இடத்தில் உதைக்கும், ஒத்துக்கறேன். அச்சைவிட்டு வந்த பொம்மைக்கு அச்சு ஞாபகம் இருக்காது. ஆப்ஜெக்டுக்கு இருக்கும். கிளாஸில் ஒரு மெத்தடை மாற்றினா, முன்னாடியே செய்த ஆப்ஜெக்டுகளும் புது மாதிரி நடந்துக்கும்.

என் உண்மையான புகார் அடுத்த ரெண்டு மார்க் மேல்தான்: "கன்ஸ்ட்ரக்டர் ஆப்ஜெக்டை உருவாக்குகிறது." இல்லைங்க! பைத்தானில் உருவாக்குவது 'நியூ' மெத்தட். 'இனிட்' வந்து பெயின்ட் அடிக்குது, அவ்வளவுதான். 'இன்ட்'டிலிருந்து ஒரு கிளாஸ் எழுதி, கொடுக்கிற எண்ணை இரட்டிப்பாக்க இனிட்டில் முயற்சி பண்ணுங்க. நடக்காது. இனிட் வரும்போதே எண் இறுகிப் போயிருக்கும். ஜாவாக்காரங்க சிரிக்க வேண்டாம். உங்க பைட்கோடிலும் இடம் ஒதுக்க ஒரு கட்டளை, கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிட வேறொரு கட்டளை.

இதுக்காக எல்லாரும் மெட்டாகிளாஸ் எழுதணும்னு சொல்லலை. ஜாங்கோ மாதிரி ஃபிரேம்வொர்க் கட்டுறவங்களுக்கு அது வேணும், அதன் மாடல்கள் ஓடுவதே ஒரு மெட்டாகிளாஸை நம்பித்தான். நம்ம பிராஜெக்டுக்குத் தேவைப்படாது. 2016-இல் வந்த பைத்தான் 3.6-க்குப் பிறகு பல வேலைகளுக்கு அதைவிட எளிய வழியும் இருக்கு.

ஆனா கேள்வித்தாளையாவது மாற்றலாமே? "கன்ஸ்ட்ரக்டர் ஓட ஆரம்பிக்கும்போது ஆப்ஜெக்ட் ஏற்கனவே இருக்கிறதா?" என்று கேளுங்க. அதே ரெண்டு மார்க்தான்.