ஹெலிகாப்டர் உரிமமும் இரண்டாவது இருக்கையும்

பெங்களூரு விவேக் நகர்வாசிகளுக்கு ஹெலிகாப்டரின் ஓசை புதிதன்று. எச்.ஏ.எல். விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. 2008 மே மாதத்தில் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்கு இடம்பெயர்ந்த பின்னரும் அங்கே சோதனைப் பறப்புகள் ஓயவில்லை. 1992 ஆகஸ்டில் துருவ் ஹெலிகாப்டர் முதன்முதலாக மேலெழுந்ததும் இந்நகரில்தான். தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் இப்பகுதியில் ஒரு மாணவி அண்ணாந்து பார்த்து, "இதை ஓட்ட என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டால், அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் உரிமத்தோடு முடிந்துவிடுகிறது. சிக்கல் தொடங்குவதோ உரிமத்திற்குப் பிறகு.

உரிமத்திற்கான நிபந்தனைகள் தெளிவானவை: 18 வயது நிறைவு, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வுகள், பறத்தல் நேரம். பன்னாட்டு அளவுகோலின்படி ஹெலிகாப்டர் வணிக உரிமத்திற்கு 150 மணி நேரப் பறத்தல் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சித் திட்டமாயின் 100 மணி போதும். விமான உரிமம் பெற்றவர் அதைக் கொண்டே ஹெலிகாப்டர் ஓட்ட இயலாது, இரண்டும் தனித்தனி. ஹெலிகாப்டரின் ஒரு மணி நேரச் செலவு சிறு பயிற்சி விமானத்தினுடையதைவிடப் பன்மடங்கு அதிகம். நடுத்தரக் குடும்பமொன்று வீட்டை அடமானம் வைக்காமல் இதனைக் கடப்பது அரிது.

அவ்வாறு கடந்தவரின் நிலை என்ன? பெரிய பயணிகள் விமானத்தில் இரண்டு விமானிகள் இருந்தே தீர வேண்டும். ஆதலால் இருநூறு மணி நேர அனுபவமே உள்ள இளைஞருக்கும் அங்கே துணை விமானி இருக்கை உண்டு. மூத்தவரின் அருகமர்ந்து அவர் தொழில் கற்கிறார். குடிசார் ஹெலிகாப்டர் துறை சிறியது. அதிலும் ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர்கள் பலவற்றை ஒரே விமானி இயக்குகிறார். அவருக்கு அருகிலுள்ள இருக்கை பயணிக்கு விற்கப்படுகிறது. அதாவது, கற்பவர் அமர வேண்டிய இடமே இத்துறையில் அருகிவிட்டது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்து ஓய்வுபெற்ற படை விமானிகள் கிடைக்கும்போது, புதியவரைப் பயிற்றுவிக்கும் செலவை எந்த நிறுவனமும் விரும்பி ஏற்பதில்லை.

படைவழிப் பாதை இழிவானதன்று. வான்படையின் பொது நுழைவுத் தேர்வில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பட்டதாரிகள் பறத்தல் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம், குறுகிய காலப் பணி 14 ஆண்டுகள், பயிற்சிக்குக் கட்டணமில்லை. ஆயினும் அது நாட்டின் பாதுகாப்புக்கான பணி. குடிசார் தொழிலொன்றிற்கான நடைமுறை நுழைவாயிலாக அது மட்டுமே இருப்பது, தனியார் துறை தன் பயிற்சிச் செலவை அரசின் தோளில் இறக்கிவைப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. 2025 ஜூன் 15 அன்று கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்து ஏழு பேர் இறந்தனர். அதை இயக்கியவர் இராணுவத்தில் நெடுங்காலம் பறந்தவர். அத்தகையவருக்கே இடர் நேரும் வானில் புதியவரை அனுப்பலாமா? கூடாது. கேதார்நாத் கோயில் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, ஒவ்வொரு கிலோ எடையும் கணக்கில் வரும். புதியவர் பழக வேண்டிய இடம் மலையன்று. மும்பைக் கடலின் எண்ணெய்த் தளங்களுக்கு இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர்கள் இரண்டு விமானிகளுடன் செல்கின்றன. தொழிற்பயிற்சிக்குரிய இருக்கை அங்கே உண்மையாகவே இருக்கிறது.

1985இல் தொடங்கப்பட்ட பவன் ஹன்ஸ் நிறுவனத்தில் அரசுக்கு 51 விழுக்காடும் ஓ.என்.ஜி.சி.க்கு 49 விழுக்காடும் பங்கு உண்டு. சேவையைத் தருபவரும் பெறுபவரும் பொதுத்துறையே. எனவே ஒப்பந்தத்திலேயே துணை விமானி இருக்கைகளில் ஒரு பகுதியைப் புதிய உரிமதாரர்களுக்கு ஒதுக்கி, அவர்களிடம் சில ஆண்டுப் பணிப் பிணை பெறுவது இயலாத செயலன்று. பட்டியலினத்தவர்க்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம், தனியார் பறத்தல் கழகங்களில் பெறும் வணிக உரிமப் பயிற்சிக்கு ஆண்டுக்கு 3.72 இலட்சம் ரூபாய் என உச்சவரம்பு வகுத்தது. அத்தொகை ஹெலிகாப்டர் பயிற்சிக்குப் போதுமா என்பது ஒரு கேள்வி. உரிமத்திற்குப் பிந்தைய மணி நேரங்களுக்கு உதவி எங்கே என்பது அதனினும் பெரிய கேள்வி. உரிமம் வரை ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிடுவது சமூகநீதி ஆகாது.

அதுவரை, தொழில் வழிகாட்டும் ஆசிரியர்கள் ஒன்றைச் செய்யலாம். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன், "உரிமம் எத்தனை மாதத்தில் கிடைக்கும்?" என்பதற்குப் பதிலாக, "கடந்த மூன்று ஆண்டுகளில் இங்கே படித்தவர்களுள் எத்தனை பேர் இன்று சம்பளம் பெற்றுப் பறக்கிறார்கள்?" என்று கேட்குமாறு மாணவர்களுக்குச் சொல்லலாம். விவேக் நகர் மாணவியின் கனவு அதனால் சுருங்கிவிடாது. அவருடைய குடும்பத்தின் வீடாவது தப்பும்.