கூண்டில் நிற்பவருக்கு வாக்கு வங்கி இல்லை

2024 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த குடியரசுக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில், பதவியில் இருந்த மூன்று நீதிபதிகள் தோற்றார்கள். ஷரன் கெல்லர், பார்பரா ஹெர்வி, மிஷெல் ஸ்லாட்டர். மூவரும் அம்மாநிலத்தில் குற்ற வழக்குகளுக்கு இறுதிச் சொல் சொல்லும் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே ஒன்பது நீதிபதிகள். ஒவ்வொருவரும் ஆறாண்டுக்கு ஒருமுறை கட்சிச் சின்னத்தோடு மக்கள் முன் நிற்க வேண்டும். இந்த மூவரும் தோற்றதற்குக் காரணம் ஒரு தீர்ப்பு. தேர்தல் முறைகேட்டு வழக்குகளை மாநில அட்டர்னி ஜெனரல் தன்னிச்சையாக நடத்த முடியாது, அதிகாரப் பிரிவினை அதற்கு இடம் தரவில்லை என்று 2021 டிசம்பரில் அந்த நீதிமன்றம் சொன்னது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஒத்துக்கொண்ட தீர்ப்பு அது. அதனால் அதிகாரம் குறைந்த அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன், அந்த எட்டுப் பேரில் 2024இல் தேர்தலுக்கு வந்த மூவரையும் தோற்கடிக்கச் சொல்லி வெளிப்படையாகப் பிரச்சாரம் செய்தார். மூவரும் வீட்டுக்குப் போனார்கள்.

கெல்லர் அப்போது அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது வேறொரு நாளில். 2007 செப்டம்பர் 25 காலையில், விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றுவது அரசியலமைப்புக்கு உகந்ததா என்று கேட்ட கென்டக்கி வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. அன்று மாலையே டெக்சாஸில் ஒரு கைதிக்கு அதே ஊசி குறிக்கப்பட்டிருந்தது. கணினிக் கோளாறால் மனு தாமதமாகிறது, கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று அவர் தரப்பில் கேட்டார்கள். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும் என்பதுதான் கெல்லரின் பதில். அன்றிரவே தண்டனை நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து, அதே டெக்சாஸில் இன்னொரு கைதியின் தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. முதல் கைதியின் வழக்குரைஞர்கள் பக்கமும் தவறு இருந்ததாகப் பேசப்பட்டது. கெல்லருக்கு 2010இல் தரப்பட்ட பகிரங்க எச்சரிக்கையும் பின்னர் ரத்தானது. அதெல்லாம் இருக்கட்டும். நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகும் 2012இலும் 2018இலும் அவர் தேர்தலில் வென்றார் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

ஐந்து மணிக்கு மூடிய கதவு அந்த நீதிபதியின் பதவியைப் பறிக்கவில்லை. ஆட்சியில் இருப்பவரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த தீர்ப்பு பறித்தது. குற்றவியல் நீதிபதிகளைத் தேர்தலில் நிறுத்தும் ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு இதில் இருக்கிறது.

தேர்தல் என்பது எண்ணிக்கை. குற்ற வழக்கிலோ ஒரு பக்கம் அரசு, காவல்துறை, பத்திரிகை, ஊராரின் கோபம்; மறுபக்கம் ஒற்றை ஆள். அந்த ஆள் பெரும்பாலும் ஏழை, பல வேளைகளில் ஊராரால் வெறுக்கப்படுபவர். அவருக்குச் சட்டம் தந்திருக்கும் காப்பு ஒன்றே: தீர்ப்புச் சொல்பவர் யாருக்கும் கடன்படாதவராக இருப்பார் என்ற உறுதி. அடுத்த தேர்தலுக்கு நாள் எண்ணும் நீதிபதியால் அந்த உறுதியைத் தர முடியாது. தேர்தல் செலவுக்கு அவர் பணம் திரட்ட வேண்டும். அதைத் தருபவர்களில் கணிசமானோர் அவர் முன்னால் வாதாட வரும் வழக்குரைஞர்கள். பிணையில் விட்ட ஒருவர் மறுபடி குற்றம் செய்தால் எதிராளிக்கு ஒரு விளம்பரம் கிடைத்துவிடும். சிறையில் போடப்பட்ட நிரபராதியை வைத்து யாரும் தேர்தல் விளம்பரம் எடுப்பதில்லை. ஆகவே தவறு செய்வதென்றால் கடுமையின் பக்கமே தவறுவது நீதிபதிக்குப் பாதுகாப்பு.

இது வெறும் ஊகம் இல்லை. கிரெகரி ஹியூபர், சான்ஃபோர்டு கோர்டன் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் பென்சில்வேனியா மாநிலத்தின் 22,000க்கும் மேற்பட்ட தண்டனைகளை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மறுதேர்தல் நெருங்க நெருங்க நீதிபதிகள் விதிக்கும் தண்டனை நீண்டுகொண்டே போவதை அது காட்டியது. அப்படிக் கூடுதலாகச் சேர்ந்த சிறைக்காலம், அவர்கள் கணக்கில், குறைந்தது 1,818 முதல் 2,705 ஆண்டுகள். ஒரே குற்றத்துக்கு, தேர்தல் தூரத்தில் இருக்கும்போது ஒரு தண்டனை, பக்கத்தில் வரும்போது ஒரு தண்டனை. கூண்டில் நின்றவர் செய்ததில் எந்த வித்தியாசமும் கிடையாது. நாட்காட்டிதான் வித்தியாசம்.

அலபாமாவில் இது உயிர்மேலேயே கைவைத்தது. ஆயுள் தண்டனை போதும் என்று ஜூரி சொன்ன பிறகும், அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதிக்க அங்கே நீதிபதிக்கு அதிகாரம் இருந்தது. பல பத்தாண்டுகளில் ஏறத்தாழ நூறு பேருக்கு அப்படி மரணம் விதிக்கப்பட்டது. கட்சித் தேர்தலில் நிற்க வேண்டிய நெருக்கடிதான் இதற்குக் காரணமாகத் தெரிகிறது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் 2013இல் எழுதினார். 2017இல் அந்த அதிகாரத்தைச் சட்டம் நீக்கியது. ஆனால் அதற்கு முன்பே அப்படித் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

கலிஃபோர்னியாவில் நடந்ததைப் பேசுவது இதைவிடக் கடினம். பாலியல் வன்கொடுமை வழக்கில் ஒரு பல்கலைக்கழக மாணவனுக்கு வெறும் ஆறு மாதச் சிறை விதித்த ஏரன் பெர்ஸ்கி என்ற நீதிபதியை 2018 ஜூனில் மக்கள் வாக்களித்துத் திரும்ப அழைத்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அந்தத் தண்டனை பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் அந்தக் கோபம் யார்மேல் போய் விழுந்தது? திரும்ப அழைக்கும் இயக்கம் அறிவிக்கப்பட்ட உடனே, மாநிலத்தின் மற்ற நீதிபதிகள் விதித்த தண்டனைகள் ஏறக்குறைய 30 விழுக்காடு கூடின என்று பின்னால் வந்த ஓர் ஆய்வு கண்டது. வசதியான வீட்டுப் பையனுக்குக் காட்டிய சலுகைக்கு, அவனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் சிறையில் விலை கொடுத்தார்கள்.

இனி எதிர்த்தரப்பு. அமெரிக்கர்கள் அறியாமையால் இந்த வழிக்குப் போகவில்லை. ஆளுநர்களும் சட்டமன்றப் பெரும்புள்ளிகளும் தங்கள் ஆட்களை நீதிபதிகளாக்கி வைத்திருந்ததைக் கண்டு வெறுத்துத்தான், 1832இல் மிசிசிப்பியும் 1846இல் நியூயார்க்கும் நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றன. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இன்று 39 மாநிலங்களில் ஏதாவதொரு மட்டத்தில் நீதிபதிகளுக்குத் தேர்தல் உண்டு.

அந்தத் தேர்தல் ஏழைகளின் பக்கம் நின்ற தருணமும் உண்டு. டெக்சாஸில் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் மாவட்டத்தில், சிறு குற்றத்துக்குப் பிடிபட்டவர்களைச் சிறை அறையிலிருந்து காணொளியில் நிறுத்தி ஓரிரு நிமிடத்தில் பிணைத்தொகை சொல்லி அனுப்புவது வழக்கமாக இருந்தது. செல்லாத ஓட்டுநர் உரிமத்தோடு கார் ஓட்டிய ஓர் இளம் தாய்க்கு 2,500 டாலர் விதித்தார்கள். கட்ட வழியில்லாமல் அவர் சிறையில் கிடந்தார். பணம் இருந்தால் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே. வெளியே வந்தால் போதும் என்று செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2017 ஏப்ரலில் லீ ரோசன்தால் தீர்ப்பளித்தார். அவர் ஆயுட்கால நியமனம் பெற்ற கூட்டாட்சி நீதிபதி. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் நீதிபதிகள் 16 பேரில் 14 பேர் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். 2018 நவம்பரில் வாக்காளர்கள் அந்த அணியை மொத்தமாக அகற்றினார்கள். புதிதாக வந்தவர்கள் வழக்கை முடித்து 2019இல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்த 2018 தேர்தலில் ஹாரிஸில் நீதிபதிகளாகத் தேர்வானவர்களில் கறுப்பினப் பெண்கள் 17 பேர்.

இந்த வெற்றியைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அதை உற்றுப் பார்க்க வேண்டும். முதல் தீர்ப்பைத் தர, தேர்தல் பயமே இல்லாத ஒருவர் தேவைப்பட்டார். அதற்குப் பிறகு வந்த அலையும் நீதிபதிகளை ஒவ்வொருவராக எடைபோட்டு வந்ததல்ல. ஒரே குறியில் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் அனைவருக்கும் வாக்களிக்கும் வசதி டெக்சாஸில் அப்போது இருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நீதிபதி இடங்கள் ஒரே நாளில் ஒரே கட்சிக்குப் போயின. அன்று அந்த அலை நல்லவர்களைக் கொண்டுவந்தது. நாளைய அலை யாரைக் கொண்டுவரும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

மெக்சிகோ இந்தப் பாதையில் கடைசிவரை போயிருக்கிறது. பழைய நீதித்துறையில் ஊழலும் உறவினர் ஆதிக்கமும் இருந்ததை மறுப்பதற்கில்லை. அதைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி, கூட்டாட்சி நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்க 2024 செப்டம்பரில் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். 2025 ஜூன் 1 அன்று முதல் தேர்தல். வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 13 விழுக்காடு. வண்ண வண்ணச் சீட்டுகளில் முன்பின் தெரியாத பெயர்கள். யாருக்குப் போடுவது என்று அச்சடித்த மடிப்புத் தாள்கள் கைக்குக் கை மாறின. உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்வான ஒன்பது பேரின் பெயர்களும் அந்தத் தாள்களில் இருந்தன. அவர்களில் மிக்ஸ்டெக் பழங்குடி வழக்குரைஞர் ஹியூகோ அகிலார் ஒர்டிஸ் தலைமை நீதிபதி ஆனது உண்மையிலேயே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் போதைமருந்துக் கும்பல்கள் ஆட்டிப்படைக்கும் ஊரில், குற்ற வழக்கை விசாரிக்கும் நீதிபதி வாக்குக்கும் செலவுக்கும் உள்ளூரில் கையேந்த நேர்ந்தால், அங்கே முதலில் கை நீட்டி உதவ வருபவர் யாராக இருப்பார்?

மூத்த நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்வு செய்யும் கொலீஜியத்தின் மூடிய அறையைக் கண்டு சலித்தவர்கள் இந்தியாவிலும், மக்களே நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். சலிப்பில் நியாயம் உண்டு. ஒருவர் ஏன் நீதிபதியாக்கப்பட்டார், இன்னொருவர் ஏன் ஒதுக்கப்பட்டார் என்பது மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். எந்தச் சாதிகளிலிருந்து, எத்தனை பெண்கள் வந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் வந்தாக வேண்டும். ஆனால் கதவைத் திறப்பது வேறு, தீர்ப்பை வாக்குப்பெட்டியில் போடுவது வேறு.

எங்கள் நிலைப்பாடு இது. ஒரு நீதிபதி எந்த வழியில் வந்தாலும், பதவியைத் தக்கவைக்க மறுபடி யாரிடமும் போய் நிற்கக் கூடாது. வாக்காளரிடமும் கூடாது, அமைச்சரிடமும் கூடாது, ஓய்வுக்குப் பிந்தைய பதவி எதிர்பார்த்து அரசிடமும் கூடாது. நீண்ட, ஒரே ஒரு பதவிக்காலம் போதும். அமெரிக்காவுக்குள்ளேயே மாசசூசெட்ஸில் எழுபது வயதுவரை தேர்தலே இல்லாமல் நீதிபதிகள் இருக்கிறார்கள்; அங்கே மக்களாட்சி அழிந்துவிடவில்லை. மக்களுக்கு நீதிமன்றத்தில் இடம் வேண்டும்: நியமனத்தைக் கேள்வி கேட்பவர்களாக, ஜூரி உள்ள நாடுகளில் ஜூரியாக, திறந்த நீதிமன்றத்தின் பார்வையாளர்களாக, தீர்ப்பைக் கடுமையாக விமர்சிப்பவர்களாக. சட்டம் தவறென்றால் அதைத் திருத்தச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் இருக்கிறது. குற்றத்தின் அளவைப் பெரும்பான்மையின் விருப்பம் நிர்ணயிக்கத் தொடங்கினால், அன்றன்றைக்கு யார் வெறுக்கப்படுகிறார்களோ அவர்களே குற்றவாளிகள் ஆவார்கள். ஊரே ஒருவருக்கு எதிராகத் திரண்டு நிற்கும்போது, சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டு மறுநாளும் பதவியில் இருக்கக்கூடிய நீதிபதியே நமக்குத் தேவை.