முகப்பில் இருப்பது விற்றவர் பெயர்

சில்வர்டோன் என்று ஒரு ரேடியோ தொழிற்சாலை இருந்ததே இல்லை. ஏர்லைன் என்றும் இல்லை. பழைய அமெரிக்க வால்வு ரேடியோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்தக் கம்பெனி எப்போது மூடப்பட்டது?' என்று தேடுகிறவர்கள் பலர். தேடல் பலிக்காததற்குக் காரணம் கேள்வியிலேயே இருக்கிறது. சில்வர்டோன் என்பது சியர்ஸ் ரோபக் தன் கடைச் சரக்குக்கு வைத்த பெயர். ஏர்லைன், மான்ட்கோமரி வார்டு வைத்தது. ட்ரூடோன், கார் உதிரிபாகங்கள் விற்ற வெஸ்டர்ன் ஆட்டோவுடையது. ஏர் சீஃப் ஃபயர்ஸ்டோன் டயர் கடைகளில் விற்றது. கொரோனாடோ மினியாபொலிஸின் கேம்பிள்-ஸ்காக்மோவுக்கும், ஏர்காசில் ஸ்பீகலுக்கும் உரியவை. எல்லாமே கடைப் பெயர்கள். பெட்டியைச் செய்தது வேறு யாரோ.

இன்று சூப்பர் மார்க்கெட்டில் கடையின் சொந்தப் பெயர் போட்ட துவரம்பருப்பு வாங்கினால், பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாக்கெட் போட்டவரின் முகவரி இருக்கும். 1930களின் கடைப்பெயர் ரேடியோ பெரும்பாலானவற்றில் அந்தப் பொடி எழுத்தும் கிடையாது. அது மறதியால் விட்டுப்போனதல்ல. பழுது பார்க்கவும் அடுத்த ரேடியோ வாங்கவும் வாடிக்கையாளர் தன்னிடமே திரும்பி வரவேண்டும் என்று கடை விரும்பியது. தொழிற்சாலையின் பெயர் தெரிந்தால் அவர் நேராக அங்கே போய்விடுவாரே!

இந்த ஏற்பாடு ஏன் அமெரிக்காவில் அவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்கு அந்த நாட்டின் கிராமங்களைப் பார்க்க வேண்டும். 1872இல் ஆரன் மான்ட்கோமரி வார்டு சிகாகோவில் தொடங்கிய தபால் வியாபாரமும், அதைத் தொடர்ந்து வந்த சியர்ஸும், பக்கத்தில் கடையே இல்லாத விவசாயக் குடும்பங்களுக்குத் தடித்த கேட்டலாக் புத்தகம் வழியாகச் சரக்கு அனுப்பின. ரேடியோ வந்ததும் அதையும் அந்தப் புத்தகத்தில் சேர்த்தன. சியர்ஸ் 1924இல் சிகாகோவில் ஒரு வானொலி நிலையமே தொடங்கியது. அதன் அழைப்பெழுத்தான டபிள்யூ.எல்.எஸ். என்பது 'உலகின் மிகப் பெரிய கடை' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம். 1930களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. அதனால் பேட்டரியில் ஓடும் ரேடியோவுக்குப் பெரிய சந்தை இருந்தது, அந்தச் சந்தை கேட்டலாக் கடைகளின் கையில் இருந்தது. தொழிற்சாலைக்கும் இது லாபமே. விளம்பரச் செலவு இல்லை, ஊர் ஊராக முகவர் தேவையில்லை, ஆர்டர் மொத்தமாக வரும். சிகாகோவின் வெல்ஸ்-கார்ட்னர் தன் உற்பத்தியில் பெரும்பகுதியைப் பிறர் பெயருக்கே செய்து கொடுத்தது. அதே நகரின் பெல்மான்ட் ரேடியோவும் அப்படித்தான்.

இனி, செய்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். முதலில் ஏர்லைன். கடைப்பெயர் ரேடியோக்களில் மிகத் தெளிவாகப் பேசுவது இதுதான் என்பது என் எண்ணம். 1930களின் கடைசியிலிருந்து வந்த பெட்டிகளில், பின்புறமோ அடிப்புறமோ ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டில் 14பிஆர்-, 05டபிள்யூஜி- என்பது போல மாடல் எண் தொடங்கும். நடுவிலுள்ள இரண்டு எழுத்துகள் தொழிற்சாலையைக் குறிக்கும். பிஆர் என்றால் பெல்மான்ட் ரேடியோ, டபிள்யூஜி என்றால் வெல்ஸ்-கார்ட்னர். முன்னால் இருக்கும் இரண்டு இலக்கங்களைத் திருப்பிப் போட்டால் ஆண்டு வந்துவிடும். 14 என்பது 41. 93 என்பது 39. 05 என்பது 50. ஆக, 93பிஆர் என்று தொடங்கும் பெட்டி 1939ஆம் ஆண்டு வரிசைக்காகப் பெல்மான்ட் செய்தது. கடை தன் பெயரை மட்டும் முகப்பில் போட்டுக்கொண்டாலும், தன் கணக்குக்காக எழுதி வைத்த குறி இன்று நமக்கு வழிகாட்டுகிறது. சீட்டு பாதி கிழிந்திருந்தாலும் முதல் நான்கு எழுத்துகள் மிஞ்சியிருந்தால் போதும். அதனால்தான் பெட்டியைத் துடைக்கும்போது அந்தக் காகிதத்தின்மேல் ஈரத்துணி படவே கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

சியர்ஸ் வேறு முறை வைத்திருந்தது. சில்வர்டோன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும், பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மாடல் எண் கேட்டலாக்குக்கு உரியது. வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்று சொல்வதற்கு. சேசிஸ் எண், அதாவது உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் எண், தனி. அதில் முதல் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிக்கு முன்னுள்ள மூன்று இலக்கங்கள்தான் சரக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கின்றன. 101 என்றால் பஃபலோ நகரின் கொலோனியல் ரேடியோ. ஒரே மாடலுக்கு வேறு வேறு சேசிஸ் எண்கள் வருவதும் உண்டு. அதனால் மாடல் எண்ணை மட்டும் வைத்துச் சர்க்யூட் படம் தேடினால் தவறான படம் கைக்கு வரலாம். கொலோனியலை 1944இல் சில்வேனியா வாங்கிவிட்டது. ஒரு பழைய குறிப்பு கொலோனியல் என்றும் இன்னொன்று சில்வேனியா என்றும் சொன்னால் இரண்டையும் தவறென்று ஒதுக்க வேண்டாம், ஆண்டைப் பாருங்கள். இந்தப் புள்ளி முறை ரேடியோவோடு நிற்கவில்லை. சியர்ஸின் கென்மோர் துணி துவைக்கும் இயந்திரத்தில் 110 என்று தொடங்கினால் அது வேர்ல்பூல். கிராஃப்ட்ஸ்மேன் மரவேலை இயந்திரங்களில் 103 என்றால் கிங்-சீலி, 113 என்றால் எமர்சன் எலக்ட்ரிக். சில்வர்டோன் பெயரிலேயே விற்ற கிட்டார்கள் பலவற்றை நியூஜெர்சியின் டானெலெக்ட்ரோ செய்தது. எடுத்துச் செல்லும் பெட்டியே ஆம்ப்ளிஃபையராகவும் இருந்த 1960களின் கிட்டார் இன்றும் இசைக்காரர்கள் தேடி வாங்கும் பொருள்.

எண்ணும் எழுத்தும் இல்லாத பெட்டிகளுக்கு வருமுன், தவறான தடயங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழப்பத்தில் பாதி இவற்றால்தான் வருகிறது.

முதலாவது, பெரிய ரேடியோ நிறுவனமான ஆர்.சி.ஏ.யின் சீட்டு. சேசிஸிலோ பெட்டியின் உள்பக்கத்திலோ ஆர்.சி.ஏ. என்ற பெயரைக் கண்டதும் 'இது ஆர்.சி.ஏ. செய்தது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது உரிமச் சீட்டு. ரேடியோவுக்கு அவசியமான காப்புரிமைகள் பெரும்பாலும் ஆர்.சி.ஏ.யிடம் குவிந்திருந்தன. 1927 முதல் மற்ற தொழிற்சாலைகளுக்கு அது உரிமம் கொடுத்தது. தொடக்கத்தில் விற்பனையில் ஏழரை சதவீதம் வாங்கிக்கொண்டது. உரிமம் பெற்றதற்கு அடையாளமாக ஒட்டியதுதான் அந்தச் சீட்டு. காப்புரிமைகள் வைத்திருந்த இன்னொரு நிறுவனமான ஹேசல்டைனின் பெயர் தெரிந்தாலும் இதே விளக்கம்தான். உண்மையில் உரிமச் சீட்டு இருப்பது, பெட்டியை ஆர்.சி.ஏ. அல்லாத ஒருவர் செய்திருக்கிறார் என்ற பக்கமே சாய்கிறது. சீட்டின் பொடி எழுத்தைக் கண்ணாடி வைத்துக் கடைசி வரி வரை படிப்பது நல்லது.

இரண்டாவது வால்வுகள். வால்வு தேயும் பொருள். எழுபது எண்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை மாற்றியிருப்பார்கள். சியர்ஸ் தன் பெயரிலேயே வால்வும் விற்றது. வால்வில் என்ன பெயர் இருந்தாலும் ரேடியோவைச் செய்தவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மூன்றாவது ஸ்பீக்கரிலும் வால்யூம் கண்ட்ரோலிலும் குத்தியிருக்கும் எண்கள். இவை பொய் சொல்லவில்லை, வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. அமெரிக்க ரேடியோ தயாரிப்பாளர் சங்கம் ஒவ்வொரு உறுப்பு செய்பவருக்கும் ஒரு குறி எண் கொடுத்திருந்தது. ஸ்பீக்கரில் 220 என்றால் ஜென்சன், 328 யூட்டா, 465 ஆக்ஸ்ஃபர்ட். வால்யூம் கண்ட்ரோலில் 137 என்றால் சி.டி.எஸ்., 134 சென்ட்ராலாப், 304 ஸ்டாக்போல். இவர்கள் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் உறுப்பு விற்றவர்கள். எனவே செய்தவரை இவை காட்டித் தராது. ஆனால் காலத்தைக் காட்டித் தரும். ஒரு ஸ்பீக்கரின் சட்டத்தில் 220832 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 220 ஜென்சன். 8, ஆண்டின் கடைசி இலக்கம். 32, அந்த ஆண்டின் வாரம். 1948ஆ, 1958ஆ? பெட்டிக்குள் கையால் கம்பி இழுத்துப் பற்றவைத்த சேசிஸும் எட்டு முள் வால்வுகளும் இருந்தால் 1948 பொருந்தும். அச்சிட்ட சர்க்யூட் போர்டு இருந்தால் 1958 பக்கம் போக வேண்டும். ஸ்பீக்கர் மாற்றப்படாதது என்றால், அதன் தேதிக்கு முன் அந்த ரேடியோ பிறந்திருக்க முடியாது. 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு வீட்டு ரேடியோ உற்பத்தியை நிறுத்தி, தொழிற்சாலைகளைப் போர் வேலைக்குத் திருப்பியது. 1945இன் பிற்பகுதியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்துத் தேதி ஓர் உறுப்பில் தெரிந்தால், அந்த உறுப்பு பிறகு மாற்றப்பட்டதா என்று சந்தேகிக்க வேண்டும்.

சீட்டும் இல்லை, எண்ணும் இல்லை என்றால்? அப்போது சேசிஸின் உடலமைப்பைப் பார்த்தாக வேண்டும். சர்க்யூட்டை வைத்துச் சொல்ல முடியாதா என்றால், பெரும்பாலும் முடியாது. 1940களின் மலிவான மேசை ரேடியோக்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே ஐந்து வால்வுகளைக் கொண்டவை: 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 50எல்6, 35இசட்5. யார் செய்தாலும் இதே வரிசை. ஆனால் உலோகத் தகட்டில் துளை குத்தும் அச்சு ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனி. வால்வுகள் நிற்கும் ஒழுங்கு, ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மர் டப்பாவின் வடிவம், டயல் நூல் சுற்றும் வழி, உறுப்புகளின்மேல் ரப்பர் முத்திரையாகக் குத்திய பாக எண்களின் பாணி, இவை சேர்ந்து ஒரு தொழிற்சாலையின் கையெழுத்தாகின்றன. பெட்டியை மட்டும் நம்பக்கூடாது. மரப்பெட்டியும் பேக்கலைட் கூடும் வெளியே வாங்கியதாக இருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பெரிய நூல்தொகுதிகள் உள்ளன. ஜான் ரைடரின் பழுதுபார்ப்புக் கையேடுகள் 23 தொகுதிகள். போருக்கு முந்தைய பெட்டிகளுக்கு அவற்றை விட்டால் வழியில்லை. ஆனால் அவற்றில் ஏர்லைன் பெட்டி மான்ட்கோமரி வார்டு என்ற தலைப்பின் கீழ்தான் இருக்கும்; பெல்மான்ட் பக்கங்களையும் புரட்டி, படத்தோடு படம் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோவர்டு சாம்ஸ் 1946இல் இண்டியானாபொலிஸிலிருந்து வெளியிடத் தொடங்கிய ஃபோட்டோஃபேக்ட் தாள்கள் போருக்குப் பிந்தைய பெட்டிகளுக்கு. சேசிஸின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் புகைப்படமாகவே இருப்பதால், கையிலுள்ள சேசிஸை அதன் பக்கத்தில் வைத்துத் துளைக்குத் துளை சரிபார்க்கலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். கடைப்பெயரில் சர்க்யூட் படம் கிடைக்காதபோது, செய்தவரின் சொந்தப் பெயரில் வந்த இரட்டைப் பெட்டியின் படம் கிடைத்துவிடும்; ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரும் டயல் கண்ணாடியும் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடலாம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. வெல்ஸ்-கார்ட்னரின் வரிசையில் நின்று கம்பி பற்றவைத்தவர்களின் வேலை முழுக்கக் கடைக்காரர் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அதைச் சரியான பெயருக்கு மாற்றி எழுதுவது சேகரிப்பவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலே சொன்ன ஐந்து வால்வு ரேடியோக்களில் மின் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஐந்து வால்வுகளின் இழைகளும் வரிசையாகக் கோக்கப்பட்டு அமெரிக்காவின் 117 வோல்ட்டுக்குக் கணக்கிடப்பட்டவை. பலவற்றில் மின்கம்பியின் ஒரு முனை சேசிஸோடு நேரடித் தொடர்பில் இருக்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டால்கூட ஷாக் அடிக்கும். நம் ஊர் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் வால்வு எரிந்துபோகும், தொட்டவர் உயிருக்கே ஆபத்து. ஆராய்ச்சி முழுவதையும் பிளக்கைச் செருகாமலே செய்யலாம். எண்களைப் படிக்க மின்சாரம் வேண்டாம்.

கண்டதை எழுதி வைக்கும்போது படி பிரித்து எழுதுங்கள். சீட்டிலுள்ள குறியால் தெரிந்தது, சேசிஸ் ஒப்பீட்டால் தெரிந்தது, ஊகம் என்று மூன்றும் தனித்தனியே இருக்கட்டும். எந்தச் சீட்டு, எந்த இடத்தில், என்ன எழுத்து என்று ஒரு புகைப்படமும் எடுத்துச் சேர்த்துவிட்டால், அடுத்து அந்தப் பெட்டி யார் கைக்குப் போனாலும் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.