வட அயர்லாந்து: அதிகாரம் பகிரப்பட்டும் ஓயாத கௌரவப் போட்டி

வட அயர்லாந்தில் சுமார் 30 ஆண்டுகளில் 3,500க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட மோதல்களுக்கு, 1998ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்பாடு பெருமளவில் முடிவு கட்டியது. ஆனால், கத்தோலிக்கர் பகுதிகளையும் புரட்டஸ்தாந்தினர் பகுதிகளையும் பிரித்து பெல்ஃபாஸ்ட் நகரில் எழுப்பப்பட்ட சுவர்களில் பல இன்னமும் நிற்கின்றன. 2023ஆம் ஆண்டுக்குள் அவற்றை அகற்றுவது என்று 2013இல் பிராந்திய அரசு அறிவித்த இலக்கு நிறைவேறவில்லை.

இந்தப் பிளவு வழிபாடு பற்றியது அல்ல. அயர்லாந்துக் குடியரசுடன் இணைய விரும்பும் தேசியவாதிகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கப் பின்னணி கொண்டவர்கள். பிரிட்டனுடன் நீடிக்க விரும்பும் ஒன்றியவாதிகளில் பெரும்பாலோர் புரட்டஸ்தாந்தினர். எனினும், அன்றாடப் பதற்றங்களைப் பல சமயங்களில் தூண்டுவது, தமது சமூகத்தின் மதிப்புக் குறைகிறதோ என்ற அச்சமே.

2012 டிசம்பரில், பிரிட்டிஷ் கொடியை ஆண்டு முழுவதும் அல்லாமல் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே பறக்கவிடுவது என்று பெல்ஃபாஸ்ட் மாநகரசபை தீர்மானித்தது. அதனால் எவரது வேலையோ வருமானமோ பறிபோகவில்லை. ஆனாலும் வீதிப் போராட்டங்கள் பல வாரங்கள் நீடித்தன. பொலிஸார் பலர் காயமடைந்தனர். ஒரு தரப்பு சமத்துவம் என்று கருதியதை மறுதரப்பு அவமதிப்பாகக் கண்டது.

பதவிப் பெயரிலும் இதுவே நிலை. முதலமைச்சருக்கும் துணை முதலமைச்சருக்கும் சட்டப்படி சம அதிகாரமே உண்டு. ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் தொடர முடியாது. அப்படியிருந்தும், 2024 பிப்ரவரியில் ஷின் ஃபெயின் கட்சியின் மிஷெல் ஓ'நீல் முதலமைச்சரானபோது, அப்பதவியை ஏற்ற முதல் தேசியவாதி என்பதால் அது வரலாற்றுத் திருப்பமாகப் பார்க்கப்பட்டது.

சட்டமன்றத்தின் முக்கிய முடிவுகளுக்கு இரு தரப்பின் ஆதரவும் தேவை என்ற விதி, ஒரு சமூகம் மற்றதை ஒடுக்குவதைத் தடுக்கிறது. அதேவேளை, தன் சமூகத்தின் கௌரவத்துக்கு உறுதியான காவலன் யார் என்ற போட்டியையும் அது வளர்க்கிறது. உடன்பாட்டுக்காக 1998இல் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஒன்றியவாதத் தலைவர் டேவிட் டிரிம்பிள், 2005இல் தனது நாடாளுமன்றத் தொகுதியையே இழந்தார். அவரைத் தோற்கடித்தது, விட்டுக்கொடுப்புகளை எதிர்த்த மற்றொரு ஒன்றியவாதக் கட்சி.

இரு தரப்பிலும் சேராத அலையன்ஸ் கட்சி 2022 தேர்தலில் மூன்றாவது இடத்துக்கு முன்னேறியது ஒரு மாற்றத்தின் அறிகுறி. ஆனால், இரு சமூகக் குழந்தைகளும் சேர்ந்து பயில்வதற்கென அமைந்த ஒருங்கிணைந்த பள்ளிகளில் படிப்போர், மாணவர்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அதிகாரத்தைச் சட்டத்தால் பகிர்ந்துவிடலாம். பரஸ்பர மதிப்பு அவ்வளவு எளிதில் உருவாவதில்லை என்பதையே வட அயர்லாந்தின் அனுபவம் காட்டுகிறது.