தாட்சணியமும் என்ரியோவும்

பிள்ளையை ஜப்பானுக்கு அனுப்பலாமா என ஆராயும் பெற்றோர், அவன் எங்கே தங்குவான் என்றே முதலில் வினவுகின்றனர். விடுதி என்றால் ஒருவாறு மனம் ஆறுகின்றனர். ஜப்பானியக் குடும்பம் ஒன்றின் இல்லத்தில் என்றால் முகம் வாடுகிறது. பன்றி இறைச்சியும் மதுவும் புழங்கும் அடுக்களை, புத்த மாடம் அமைந்த அறை, பழகாத வழக்கங்கள். இவற்றிடையே பிள்ளையின் மார்க்கம் என்னாகும் என்னும் அச்சம் பழிக்கத்தக்கதன்று. ஆயினும் இல்லத்தில் தங்குவதே நன்று என்பது நம் துணிபு. கோபே நகரில் ஓர் இல்லத்தில் ஓராண்டு தங்கிப் பயின்ற பட்டறிவால் இதனைச் சொல்கிறோம். அங்கே நமக்கு இடர் விளைத்தவை அவர்தம் பழக்கங்கள் அல்ல. நாம் வாய் திறவாமையே.

ஜூன் மாதத்தில் கோபேயில் நாலே முக்கால் மணிக்கெல்லாம் கதிரவன் எழுகிறான். வைகறைத் தொழுகையின் நேரம் மூன்று மணியளவிலேயே தொடங்கிவிடும். மெல்லிய தடுப்புகள் கொண்ட மர வீட்டில் அந்நேரத்துக் கடிகார மணி ஒருவரை மட்டும் எழுப்புவதில்லை. ஆதலின் அதனைத் தலையணைக்கடியில் வைத்துத் துயின்றோம். முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி ஒளுச் செய்தால் மரத்தரை நனையும். குளியலறையோ கழிப்பறையினின்றும் வேறாக, நீர் வடியும் தரையோடு அமைந்திருக்கிறது. அங்கே ஒளுச் செய்யலாம் என்பதை உணர நமக்கு மூன்று வாரம் ஆயிற்று. கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். வெளியே உடலைத் தேய்த்துக் கழுவிய பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்குவர். அந்நீரிலேயே வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக இறங்குவர். விருந்தினர்க்கே முதல் முறை. முதல் நாள் நாம் குளித்து முடித்துத் தொட்டி நீரை முழுதும் வடித்துவிட்டோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நமக்கு அளித்த தத்தாமிப் பாய் விரித்த அறையில் முன்னோர்க்குரிய புத்த மாடம் இருந்தது. அதனை எதிரே வைத்துத் தொழ மனம் ஒப்பாது, ஒரு மூலையில் ஒடுங்கி நின்று தொழுதோம். உணவிலும் அவ்வாறே. பன்றி இறைச்சி வேண்டா என்று மட்டும் முன்பே எழுதியிருந்தோம். வீட்டம்மையார் அதனைக் கருத்தாய் ஒதுக்கி, நாள்தோறும் மீன் சமைத்தார். அம்மீனுக்கு இனிமை தந்த மிரின் என்னும் சமையற் சாறு, ஏறத்தாழ 14 விழுக்காடு சாராயம் கொண்டது என்பதைப் பின்னரே அறிந்தோம். அறிந்தும் சொல்லவில்லை. பசியில்லை என்று சொல்லி வெறுஞ்சோறு உண்டோம். தம் சமையல் நமக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அம்மையார் வருந்தியதைப் பின்னாளில் அறிந்து நாணினோம்.

அதனினும் பெரும்பிழை ஒன்று உண்டு. வீட்டுத் தலைவர் நம்மை அரிமா வெந்நீர் ஊற்றுக்கு அழைத்தார். அங்கே ஆடவர் பலர் ஒரே தொட்டியில் ஆடையின்றி இறங்குவர். அவ்ரத்தை மறைத்தல் எமக்குக் கடமை என்று சொல்ல நாவெழாது, தலைவலி என்று பொய்யுரைத்தோம். அன்று குடும்பமே பயணத்தைக் கைவிட்டது. அம்மையார் ஒகாயு என்னும் கஞ்சி காய்ச்சிக் கொணர்ந்து அருகே அமர்ந்தார். பெரியவரின் விடுமுறை அப்படியே கழிந்தது. கஞ்சியைக் குடித்து முடிக்குமுன் உண்மையைச் சொல்லிவிட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. "முன்பே சொல்லியிருக்கலாமே, தனித்துக் குளிக்கும் அறைகளும் அங்கே வாடகைக்கு உண்டே" என்றார். மறுவாரம் சென்றோம். இரும்புச்சத்தால் செம்பழுப்பு நிறங்கொண்ட அவ்வூற்று நீரில் காலை மட்டும் நனைப்பதற்கென்றே தெருவோரம் தொட்டி அமைத்திருக்கிறார்கள்!

விருந்தோம்புவாரின் மனம் நோகலாகாது என்று நாம் காட்டும் தாட்சணியத்திற்கு, ஜப்பானியர் என்ரியோ என்று ஒரு சொல் வைத்திருக்கின்றனர். அவர்களும் கேட்கமாட்டார்கள், நாமும் சொல்லமாட்டோம். இரு நாகரிகங்களும் எதிரெதிரே அமர்ந்து மௌனமாய்த் தேநீர் பருகும். உண்மை சொன்ன அன்று மாலையே மாடியறை ஒன்று நமக்கு ஒழித்துத் தரப்பட்டது. மறுநாள் அம்மையார் உருப்பெருக்குக் கண்ணாடியோடு கடைக்குச் சென்று, பொட்டலங்களின் பொடியெழுத்தைப் படித்தார். வெள்ளிக்கிழமையன்று பெரியவர் நம்முடன் கோபே பள்ளிவாசலுக்கு வந்தார். இந்திய வணிகரும் பொருளுதவி செய்ய, 1935இல் எழுந்த ஜப்பானின் முதற் பள்ளிவாசல் அது. 1945இன் குண்டுவீச்சையும் 1995இன் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த அப்பெரியவர் அன்றுதான் முதன்முதலாக அதனுள் நுழைந்தார்.

மொழி வாராமையைச் சாக்காகக் கூறுதல் தமிழ் மாணாக்கர்க்குப் பொருந்தாது. ஓனோ சுசுமு (1919–2008) தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் கண்ட உறவை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்றிலர், அது நிற்க. வினை இறுதியில் வருவதும், உருபு பெயருக்குப் பின் நிற்பதும் நமக்குப் பழகிய நடையே. ஆறு திங்களில் வீட்டாரோடு உரையாடத் தட்டுத்தடுமாறியேனும் இயலும். விடுதியில் நம்மவரோடு நம்மவராய் இருந்தால் இரண்டாண்டு கழிந்தும் அது கைகூடாது.

எல்லாம் சீராகிவிடும் என்று சொல்லோம். மாடத்தில் படைத்த இனிப்பை அன்போடு நீட்டும்போது மறுப்பது இறுதிவரை கடினமாகவே இருந்தது. மாணவியர்க்கு எத்தகைய குடும்பம் வேண்டும் என்பதை முன்பே வரையறுத்துக் கேட்டல் இன்றியமையாதது, கேட்பது பிழையன்று.

நம் கல்லூரி செய்யத்தக்கது ஒன்றுண்டு. உணவில் ஆகாதன, தொழுகை நேரம், நோன்பு, ஒளு, குளியல் ஆகியவற்றை விளக்கும் ஒருபக்கத் தாள் ஒன்றை ஜப்பானிய மொழியில் ஆயத்தம் செய்து, புறப்படும் மாணாக்கர் கையில் தரலாம். அரபுத் துறையினர் அதன் கருத்தைச் சரிபார்க்கலாம். தமிழ்த் துறையினர் மூலவரைவை எழுதலாம். ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பொங்கல் விடுமுறைக்குள் வரைவு முடிந்தால், மொழிபெயர்த்து அச்சிட நாள் போதும்.